பலிபீடம் ஏறாத இசைத்தொண்டர் தொமெனிக்கோ சிப்போலி

குருமடத்தில் நான் பயின்ற நாட்களில், சிற்றாலயத்தின் மூலையில் பழைய மிதி ஆர்மோனியம் ஒன்று இருந்தது. மூத்த சகோதரர் ஒருவர் நற்கருணைக்குப் பின்னரான அமைதியில் அதில் ஓர் இசைத்துண்டை வாசிப்பார். விரைவில்லாத, மூச்சை அடக்கி நடப்பது போன்ற இசை. அவருடைய தாளின் தலைப்பில் சிப்போலி என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று அப்போது நாங்கள் எவரும் கேட்கவில்லை. அவரும் எங்களைப் போல் குருத்துவத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தவர் என்பதையும், அதை அடையாமலேயே இறந்தவர் என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே அறிந்துகொண்டேன்.

தொமெனிக்கோ சிப்போலி இத்தாலியின் தொஸ்கானா பகுதியிலுள்ள பிராத்தோ நகரில் 1688ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பிறந்தார். புளோரன்ஸ் மாநகருக்கு அண்மையிலுள்ள அந்நகர், தேவதாயாரின் இடைக்கச்சை எனப் போற்றப்படும் திருப்பண்டத்தைத் தன் பேராலயத்தில் காத்து வருவது. ஆண்டில் சில பெருவிழாக்களில் அது மக்களுக்குக் காட்டப்படும்போது, இசையும் மணியோசையும் நகரை நிறைக்கும். அத்தகைய ஊரில் பிறந்த பிள்ளைக்கு ஆலய இசை தாலாட்டோடு சேர்ந்தே காதில் விழுந்திருக்கும். குடும்பம் செல்வக் குடும்பம் அன்று. எனவே 1707இல், பதினெட்டு வயது இளைஞராக இருந்தபோது, தொஸ்கானாவின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோவுக்கு அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். புளோரன்ஸில் இசை பயில உதவித்தொகை வேண்டும் என்பதே அதன் சாரம். கோமகன் இணங்கினார். புளோரன்ஸ் பேராலயத்தின் ஓர்கன் கலைஞராகிய ஜொவான்னி மரியா கசீனி ஆசிரியரானார்.

அதன்பின் சிறிது காலம் அலைச்சல். நேப்பிள்ஸ் நகரில் அக்காலத்தின் பேர்பெற்ற அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாத்தியிடம் சென்றார், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. விரைவிலேயே அங்கிருந்து புறப்பட்டு, பொலோஞ்ஞாவில் சில காலம் பயின்று, உரோமையை அடைந்தார். அங்கே முதியவராகிவிட்ட பெர்னார்தோ பஸ்குவீனியிடம் பாடம் கேட்டார். பஸ்குவீனி 1710இல் காலமானார். அந்த ஆசானின் கடைசி மாணவர்களுள் ஒருவராக சிப்போலி உரோமையிலேயே தங்கிவிட்டார்.

உரோமையில் அவருக்கு வாய்ப்புகள் திறந்தன. மேடையமைப்பும் நடிப்பும் இன்றிப் பாடிக் காட்டப்படும் திருமறை இசைநாடகங்களை ஒரத்தோரியோ என்பர். 1712இல் பதுவைப் புனித அந்தோனியார் மீதும், 1714இல் கன்னியும் மறைசாட்சியுமான புனித கத்தரீனம்மாள் மீதும் அவர் இத்தகைய இரண்டு படைப்புகளை இயற்றினார். பாடல் வரிகள் அடங்கிய நூல்கள் இன்றும் உள்ளன, இசை தொலைந்துவிட்டது. கோடி அற்புதரின் பக்தர்களாகிய நமக்கு அந்த இழப்பு சற்று மனத்தைத் தொடவே செய்கிறது.

1715இல் அவர் ஜேசு ஆலயத்தின் ஓர்கன் கலைஞரானார். இது இயேசு சபையின் தாய்க்கோவில். புனித இஞ்ஞாசியாரின் கல்லறை அங்கேதான் உள்ளது. அதற்கு நேரெதிரே, மறுபக்கப் பீடத்தில், புனித பிரான்சிஸ் சவேரியாரின் வலது முன்கை திருப்பண்டமாக வைக்கப்பட்டுள்ளது. முத்துக்குளித்துறையில் ஆயிரமாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்து ஓய்ந்துபோன கை அது. அந்தக் கையும் அந்தக் கல்லறையும் இருந்த ஆலயத்தில், திருப்பலிக்கும் மாலைப் புகழுக்கும் ஓர்கன் வாசிப்பது சிப்போலியின் தொழிலாயிற்று. வயது இருபத்தாறு.

மறு ஆண்டின் தொடக்கத்தில், 1716 ஜனவரியில், அவருடைய நூல் வெளிவந்தது. ஓர்கனுக்கும் ஹார்ப்சிகோர்ட் என்னும் நரம்பிசைப் பெட்டிக்கும் உரிய இசைத்துண்டுகளின் தொகுதி அது. மரியா தெரேசா ஸ்த்ரோற்சி என்னும் சீமாட்டிக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. அதன் முதற்பகுதி முழுவதும் ஓர்கனுக்குரியது. அக்காலத் திருவழிபாட்டில் ஓர்கன் எவ்வாறு பயன்பட்டது என்பதை அறியாவிடில் அந்தப் பகுதியின் அமைப்பு நமக்கு விளங்காது. பாடகர் குழு ஒரு வசனத்தைப் பாடும். அடுத்த வசனத்தைப் பாடாமல் ஓர்கனே தன் குரலில் சொல்லும். இப்படி மாறி மாறிச் செல்லும் வழிபாட்டுக்காக எழுதப்பட்ட சிறுசிறு துண்டுகள், சில ஒரு நிமிடமும் நீளாதவை, அந்நூலில் வரிசையாக உள்ளன. காணிக்கைக்கு ஒன்று, நற்கருணைக்குப் பின் ஒன்று, எழுந்தேற்றத்துக்கு ஒன்று, கிறிஸ்து பிறப்புக் காலத்துக்கு இடையரின் குழலோசையைப் பின்பற்றிய ஒன்று எனப் பலவும் உண்டு.

எழுந்தேற்ற இசைதான் நான் குருமடத்தில் கேட்டது. அந்நாளைய இலத்தீன் திருப்பலியில் குரு வசீகர வார்த்தைகளைத் தாழ்ந்த குரலில் சொல்லி, அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்துவார். மக்கள் முழந்தாளிட்டிருக்க, ஓர்கன் மட்டும் மெல்ல ஒலிக்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நற்கருணை மன்றாட்டைக் குரு எல்லோரும் கேட்கச் சொல்கிறார். அவ்வேளை இசைக்கருவிகள் மௌனம் காக்கின்றன. ஆகையால் அந்த இசை இப்போது நன்றி வேளைக்கு இடம் மாறிவிட்டது. இடம் மாறினாலும் அது எந்த நொடிக்காக எழுதப்பட்டது என்பதை அறிந்து கேட்பது வேறுதான்.

நூல் நன்கு விலைபோயிற்று. பின்னாளில் இலண்டனிலும் பாரிசிலும் பதிப்பாளர்கள் அதை மீண்டும் அச்சிட்டனர். அதாவது, ஐரோப்பாவின் ஓர்கன் கலைஞர்கள் அவரை அறியத் தொடங்கிய வேளை அது. அந்த வேளையில் அவர் ஐரோப்பாவில் இல்லை.

1716ஆம் ஆண்டு ஜூலை முதலாம் நாள், ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில், அவர் இயேசு சபையின் நவசந்நியாசத்தில் சேர்ந்தார். நூல் வெளிவந்து ஆறே மாதங்கள்! உரோமையில் அவர் வகித்த பதவி, எந்த ஓர்கன் கலைஞரும் ஆயுள் முழுவதும் காத்திருந்து பெறக்கூடியது. அதை விட்டு, பரகுவே மறைமாநிலத்துக்குச் செல்லவிருந்த மறைபரப்பாளர் குழுவில் தன்னையும் ஒருவராகப் பதிந்துகொண்டார். இருபத்தேழு வயதில், அகவை குறைந்த நவசந்நியாசிகளுடன் தரை பெருக்கவும் பாத்திரம் கழுவவும் அமர்ந்தார்.

இதே நூற்றாண்டில், இதே இத்தாலியிலிருந்து, இதே சபையைச் சேர்ந்த இன்னொருவர் எதிர்த்திசையில் கப்பலேறி வந்து தமிழைத் தம் மொழியாக்கிக்கொண்டார். வீரமாமுனிவரைத்தான் சொல்கிறேன். அவர் சிப்போலியைவிட எட்டு வயது மூத்தவர். ஒருவர் கிழக்கே வந்து எழுத்தாணியைப் பிடித்தார்; மற்றவர் மேற்கே சென்றார்.

1717 ஏப்ரல் 5ஆம் நாள் காதிஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இயேசு சபையினர் அதில் இருந்தனர். அவர்களுள் பிரிமோலி, பியாங்கி என்னும் இரு இத்தாலியச் சகோதரர்களும் இருந்தனர். தென் அமெரிக்காவின் பல ஆலயங்களைக் கட்டிய கட்டடக் கலைஞர்கள் இவர்கள். ஜூலை மாதத்தில் புவனஸ் அயரஸ் வந்தடைந்த குழு, அங்கே இரு வாரங்கள் போலத் தங்கியது. பின்னர் சிப்போலியும் தோழர்களும் சுமார் 700 கிலோமீற்றர் உள்நாட்டுக்குப் பயணம் செய்து கோர்தோபாவை அடைந்தார்கள். இன்றைய ஆர்ஜென்டீனாவின் நடுப்பகுதியிலுள்ள நகர் அது. 1613இல் தோன்றிய கல்லூரி ஒன்று அங்கே பல்கலைக்கழகமாக வளர்ந்திருந்தது. அதில் மெய்யியலும் இறையியலும் பயில்வதே சிப்போலிக்கு இடப்பட்ட கடமை.

கோர்தோபாவில் இயேசு சபையின் ஆலயத்துக்கு ஒரு விந்தை உண்டு. அதன் உட்கூரை கப்பலொன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். கப்பல் கட்டத் தெரிந்த பெல்ஜிய நாட்டுச் சகோதரர் ஒருவர், கல்லால் வளைவு எழுப்ப வழியில்லாத ஊரில், கேதுரு மரத்தால் அதை அமைத்தார். அந்த மரக்கூரையின் கீழ் சிப்போலி ஓர்கன் வாசித்தார். பகலில் மாணவர், பெருவிழாக்களில் இசைப் பொறுப்பாளர். அவர் வந்தபின் அந்த ஆலயத்தின் திருநாட்களுக்கு மக்கள் திரண்டார்கள் என்றும், மாலை வழிபாடுகள் நெடுநேரம் நீண்டன என்றும் சபையின் வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். அவருடைய புகழ் அந்தேஸ் மலைகளைக் கடந்து பெருநாட்டின் லீமா வரை எட்டியது. அங்கிருந்த அரசப் பிரதிநிதி அவருடைய படைப்புகளின் பிரதிகளைக் கேட்டு ஆள் அனுப்பினார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆலயத்தில் அவருடைய இசையைப் பாடியவர்களும் வாசித்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட மக்களும் அவர்களின் பிள்ளைகளும் ஆவர். கல்லூரியின் செலவுக்குப் பண்ணைகள் இருந்தன. அப்பண்ணைகளில் நூற்றுக்கணக்கான அடிமைகள் உழைத்தனர். பழங்குடி மக்களை அடிமை வணிகரிடமிருந்து காத்த அதே சபை, கறுப்பின மக்களை உடைமையாக வைத்திருந்தது. அக்கால வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. தம் உடலே தமக்குச் சொந்தமில்லாதவர்கள் ஆண்டவரைப் புகழ்ந்து பாடிய அந்தக் குரல்களின் சொந்தக்காரர்கள் எவருடைய பெயரையும் நாம் சிப்போலியின் பெயரோடு சேர்த்துச் சொல்வதில்லை.

இனி, பலர் திரைப்படம் வாயிலாக அறிந்திருக்கும் இடத்துக்கு வருவோம். 1986இல் வெளிவந்த 'த மிஷன்' என்னும் படத்தை நம் பங்குகள் சிலவற்றில் இளைஞர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். குவாரனி என்னும் பழங்குடி மக்களை, அடிமை வேட்டையாடிகளின் கைக்கு எட்டாதபடி, இயேசு சபையினர் தனிக் குடியிருப்புகளில் ஒன்றுசேர்த்தனர். பரகுவே மறைமாநிலத்தில் இத்தகைய முப்பது ஊர்கள் இருந்தன. 1730களின் தொடக்கத்தில் அவற்றில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஒவ்வோர் ஊரிலும் முப்பது, நாற்பது பேர் கொண்ட இசைக்குழு இருந்தது. உருகுவாய் நதிக்கரையின் யாப்பெயூ என்ற ஊரில், தீரோல் நாட்டவரான அருட்தந்தை அந்தோனியோ செப், ஓர்கன் முதல் எக்காளம் வரை அம்மக்களே செய்யக் கற்பித்திருந்தார். வயலின் செய்யும் தச்சரும், இசைத்தாள்களை அச்செழுத்துப் போல் பிரதி எடுக்கும் எழுத்தரும் அங்கே உருவாகியிருந்தனர்.

படம் பார்த்தவர்கள், சிப்போலியும் காட்டில் நின்று குழல் ஊதி மக்களைக் கவர்ந்தார் என எண்ணக்கூடும். அவ்வாறு அன்று. அவருடைய வாழ்வு கோர்தோபாவின் கல்லூரியிலேயே கழிந்தது. அவருடைய இசைதான் பயணம் போயிற்று. அவர் எழுதியதைப் பிரதி எடுத்து, ஊருக்கு ஊர் எடுத்துச் சென்றார்கள். கோர்தோபாவின் பாடகர்களையும் தொலைவிலுள்ள ஊர்களின் பாடகர்களையும் மனத்தில் வைத்து எழுதியவர் போலவே அவர் எழுதினார். சில குரல்கள், இரண்டு வயலின்கள், அடித்தளமாக ஓர்கன், இவ்வளவு போதும். உரோமையின் பேராலயத்துக்கு எழுதியவர், கையிலிருப்பதைக் கொண்டு நிறைவாகப் பாடும்படி எழுதக் கற்றுக்கொண்டார். பாடகர் குழு நடத்தியவர்களுக்குத் தெரியும், இது எளிய காரியம் அன்று. கடினமாக எழுதுவது திறமை. பாடக்கூடியதாகவும் மலினமாகாததாகவும் எழுதுவது அதைவிட அரிது.

1724இல் படிப்பு முடிந்தது. 1725இல் அவர் குருத்துவத் திருநிலைப்பாட்டுக்கு ஆயத்தமாக இருந்தார். ஆனால் ஆயர் இல்லை. கோர்தோபாவை இருப்பிடமாகக் கொண்ட தூக்குமான் மறைமாவட்டம் அப்போது ஆயரின்றி வெறுமையாக இருந்தது. கைகளை விரித்துத் தலைமீது வைக்க ஒருவர் வந்து சேரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் காத்திருந்தார்.

குருத்துவப் பட்டம் பெற்ற நாளை நான் நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் வீட்டார், ஊரார், வரிசையில் நின்று புதுக்குருவின் கைகளை முத்தமிட்டோர், எல்லாவற்றையும் விட, ஆயர் ஆண்டகை தலைமீது கை வைத்த அந்தச் சில நொடிகளின் பாரம். எட்டு ஆண்டுகள் அதற்காகவே கடல் கடந்து வாழ்ந்த ஒருவருக்கு, எல்லாம் ஆயத்தமாயிருந்தும் அது கிடைக்காதிருப்பது எத்தகைய வேதனை என்பதை என்னால் முழுமையாக உணர முடியவில்லை. எழுந்தேற்றத்துக்கு அவ்வளவு அழகாக எழுதியவர், தாமே அப்பத்தை ஒருநாளும் உயர்த்தவில்லை.

இதற்கிடையில் நோய் பற்றிக்கொண்டது. காசநோய் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். நகருக்கு வடக்கே, சபைக்குச் சொந்தமான சாந்தா கத்தலீனா பண்ணைக்கு அவரைக் கொண்டுசென்றார்கள். அங்கே, 1726ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், மூவிராசாக்கள் திருநாளுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், அவர் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தேழு. இளமையில் கத்தரீனம்மாள் மீது இசைநாடகம் பாடியவர், கத்தரீனம்மாள் பெயர் தாங்கிய இடத்தில் கண்மூடினார்.

அதன்பின் நடந்தது அவருடைய வாழ்வைப் போலவே விசித்திரமானது. 1767இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்ல்ஸ், தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் இயேசு சபையினரை வெளியேற்ற ஆணையிட்டார். படைவீரர் வந்து குருக்களைக் கப்பலேற்றினர். 1773இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெந்து சபையையே கலைத்தார். 1814இல்தான் அது மீண்டும் உயிர்பெற்றது. குவாரனி மக்களின் ஊர்கள் பல சிதைந்து காடாயின. ஐரோப்பாவிலோ, சிப்போலி என்பவர் 1716இல் ஒரே ஒரு நூலை வெளியிட்டு மறைந்துபோன உரோமை ஓர்கன் கலைஞர், அவ்வளவுதான். தென் அமெரிக்க ஆவணங்களில் வரும் சகோதரர் தொமிங்கோ சிப்போலியும் அவரும் ஒருவரே என்பது நெடுங்காலம் பொதுவாக அறியப்படாதிருந்தது. 1941இல் உருகுவாய் நாட்டு இசையியல் அறிஞர் லௌரோ அயெஸ்தராந் தாம் வெளியிட்ட ஆய்வில் அதைத் தெளிவாக நிறுவினார்.

ஆள் கிடைத்தார், கோர்தோபாவில் அவர் எழுதிய இசை எங்கே? 1959ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஆய்வாளர் றொபேட் ஸ்டீவன்சன், பொலிவியாவின் சூக்ரே நகரில் அவருடைய திருப்பலி இசை ஒன்றைக் கண்டெடுத்தார். அந்தப் பிரதி 1784இல் பொத்தோசி நகரில் எழுதப்பட்டது. இயற்றியவர் இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள்; அவருடைய சபையினர் விரட்டப்பட்டுப் பதினேழு ஆண்டுகள். அப்போதும் யாரோ ஒருவர் அமர்ந்து, மை தொட்டு, அதை வரிவரியாகப் பிரதி எடுத்திருக்கிறார், திருப்பலியில் பாடுவதற்காக.

அதைவிடப் பெரிய புதையல் கிழக்குப் பொலிவியாவின் சிக்கித்தோஸ் பகுதியில் இருந்தது. அங்கே சுவிஸ் நாட்டவரான அருட்தந்தை மார்ட்டின் ஷ்மித், 1730 முதல் ஆலயங்களைக் கட்டி, மக்களுக்கு இசையும் கற்பித்தார். சிப்போலியின் படைப்புகள் அந்த ஊர்களையும் எட்டியிருந்தன. 1767இன் ஆணைக்கு ஷ்மித்தும் தப்பவில்லை. எழுபதைக் கடந்த வயதில் வெளியேற்றப்பட்டார். ஆனால் சிக்கித்தானோ மக்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. கோவில்களையும் விடவில்லை. பாட்டுத் தாள்களைப் பெட்டிகளில் காத்தனர். கிழிந்தவற்றைத் திரும்ப எழுதினர். திருநாள் தோறும் பாடினர். குரு வராத ஆண்டுகளிலும் பாடல் நிற்கவில்லை.

1972இல் ஹான்ஸ் றோத் என்னும் சுவிஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர், பாழடைந்த அந்த ஆலயங்களைப் புதுப்பிக்க வந்தார். சான் ரஃபாயேல், சாந்தா அனா ஊர்களில் 5,000க்கும் அதிகமான பக்கங்கள் கொண்ட இசைத்தாள்கள் வெளிவந்தன. பூச்சி அரித்தவை, ஈரம் ஊறியவை, ஓரம் கரைந்தவை. போலந்து நாட்டவரான அருட்தந்தை பியோத்ர் நவ்ரொட் போன்ற அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். சிப்போலியின் திருப்பாடல் இசைகளும், தேவதாயார் மீதும் நற்கருணை மீதுமான பாடல்களும் இவ்வாறே உலகுக்குக் கிடைத்தன. இஞ்ஞாசியார், சவேரியார் இருவரும் பாத்திரங்களாக வரும் இசைநாடகம் ஒன்றும் அங்கே கிடைத்தது. அதில் சிப்போலியின் இசையும் ஷ்மித்தின் இசையும் கலந்துள்ளதாக ஆய்வாளர் கூறுவர்.

அந்த ஆறு ஆலய ஊர்களை 1990இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னங்களாக அறிவித்தது. கோர்தோபாவின் இயேசு சபை வளாகமும், சிப்போலி இறந்த சாந்தா கத்தலீனா உள்ளிட்ட பண்ணைகளும் 2000இல் அப்பட்டியலில் சேர்ந்தன. 2025இல் மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், எளிய இயேசு சபைக் குருவாக இருந்த காலத்தில், 1990 முதல் 1992 வரை அந்த வளாகத்தின் இல்லத்திலேயே, பெரிய பொறுப்பு எதுவுமின்றி, பாவசங்கீர்த்தனம் கேட்டு வாழ்ந்தார் என்பது பலரும் அறிந்ததே. சிப்போலி வாசித்த மரக்கூரை ஆலயம் அந்த இல்லத்தை ஒட்டியே உள்ளது.

சிக்கித்தோஸில் 1996 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரோக் இசை விழா நடைபெற்று வருகிறது. பல நாடுகளின் கலைஞர்களோடு, அவ்வூர்ப் பிள்ளைகளின் குழுக்களும் தங்கள் பாட்டன்மார் காத்த இசையைப் பாடுகின்றன. தாள்கள் கொன்செப்சியோன் ஊரில் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இயற்றியவர் பெயர் இல்லை. பிரதி எடுத்தவர்களுக்குப் பாட்டுத்தான் தேவைப்பட்டது. சிலவற்றில் மட்டும், மேலே ஒரு மூலையில், பட்டம் எதுவும் இன்றி, சிப்போலி என்று எழுதியிருக்கிறது.